காயலான் கடைக்குப் போகாமல் தப்பும் ஜீப்புகள்

பழைய வண்டிக்கு மறுவாழ்வு கொடுக்கும் பெங்களூர் பட்டறைகள்

அரசு அலுவலகங்களின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. மரத்தடியில் ஒரு ஜீப் நிற்கும். நான்கு சக்கரத்திலும் காற்று இருக்காது. கித்தான் கூரை கிழிந்து தொங்கும். தரைத் தகடு அரித்துப்போய், அந்த ஓட்டை வழியாகப் புல் முளைத்திருக்கும். ஒரு காலத்தில் அதிகாரியை ஏற்றிக்கொண்டு தூசி பறக்க ஓடிய வண்டி அது.

இப்படி ஒரு வண்டியைத் தோட்டத்திலோ வீட்டுக் கொல்லையிலோ பார்க்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர், எடைக்குப் போட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பத்தாவது ஆள் மட்டும் குனிந்து அடியில் பார்ப்பார். சேஸிஸைச் சுரண்டிப் பார்ப்பார். துரு மேலோடு நிற்கிறதா, உள்ளேயும் தின்றுவிட்டதா என்று தட்டிப் பார்ப்பார். அப்படிப்பட்ட ஆளின் கையில் கிடைத்த ஜீப்தான் பிழைக்கிறது.

ஆனால் அவர் ஒருவரால் அது முடிவதில்லை. பெங்களூரில் ஒரு பழைய ஜீப் மறுபடி ஓடுகிறது என்றால், அதன் பின்னால் ஏழெட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். மேஸ்திரி, லேத்துக்காரர், பட்டை அடிப்பவர், ரேடியேட்டர் பார்ப்பவர், டிங்கர், பெயிண்டர், எலக்ட்ரீஷியன், குஷன் தைப்பவர். சொந்தக்காரர் பெயர் ஆர்.சி.யில் இருக்கும். இவர்கள் பெயர் எதிலும் இருக்காது.

போருக்குப் பிறந்த வண்டி

ஜீப் பிறந்ததே அவசரத்தில்தான். 1940-ம் ஆண்டு ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் அனுப்பியது. நான்கு சக்கரமும் இழுக்கும் இலகுவான வண்டி வேண்டும், மாதிரி வண்டியை 49 நாளில் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அமெரிக்கன் பாண்டம் என்ற சிறிய கம்பெனி அந்த ஆண்டு செப்டம்பரில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. பிறகு வில்லிஸ், போர்டு ஆகிய கம்பெனிகள் அதைப் பெரிய அளவில் தயாரித்தன. 1945-ல் போர் முடிவதற்குள் சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம் ஜீப்புகள் தயாராகிவிட்டன.

போர்க்களத்தில் பழுது பார்க்கப் பெரிய தொழிற்சாலை கிடையாது. கையில் இருக்கும் ஸ்பேனரை வைத்து, சேற்றில் படுத்துக்கொண்டே கழற்றி மாட்ட வேண்டும். அதற்கு ஏற்றபடி வண்டியை அமைத்தார்கள். பாடியில் பெரும்பகுதி தட்டையான தகடு. எல்லாம் போல்ட், நட்டு. என்ஜினைச் சுற்றிக் கை நுழைய இடம். 80 ஆண்டுக்குப் பிறகும் ஒரு சாதாரணப் பட்டறையில் ஜீப்பைப் பிரித்துக் கட்ட முடிகிறது என்றால் அதுதான் காரணம்.

இந்தியாவில் கே.சி.மகேந்திரா, ஜே.சி.மகேந்திரா சகோதரர்களும் குலாம் முகமதுவும் சேர்ந்து 1945-ல் மகேந்திரா அண்ட் முகமது என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். பிரிவினைக்குப் பின் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதி மந்திரியாகப் போய்விட்டார். பிற்பாடு அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். இங்கே கம்பெனியின் பெயர் 1948-ல் மகேந்திரா அண்ட் மகேந்திரா என்று மாறியது. அதற்கு முந்தைய ஆண்டே பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டும் வேலை தொடங்கியிருந்தது.

நம் நாட்டில் அதிகம் ஓடியது, பானெட் உயரமாக இருக்கும் சி.ஜே.3பி ரகம். புது என்ஜினில் உள்ளிழுக்கும் வால்வுகள் மேலே ஏறிவிட்டதால், அதற்கு இடம் கொடுக்கவே பானெட்டை உயர்த்தினார்கள். அமெரிக்காவில் 1953-ல் வந்த இந்த ரகம் அங்கே 1968-ல் நின்றது. இந்தியாவில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தயாரானது. பின்னர் டீசல் வந்தது. எம்.எம்.540 போன்ற வண்டிகளில் பிரெஞ்சு நாட்டு பெஜோ என்ஜின் ஏறியது. போடி, கம்பம் பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் பிழைக்க வந்தவர்களுக்கு இந்த வண்டிகளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மலையேறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்வது அவைதான்.

கண்டோன்மென்டும் கைத்தொழிலும்

பெங்களூரில் இந்தத் தொழில் வேர்விட்டதற்குப் பின்னணி உண்டு. 1809-ல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மென்டை அமைத்தார்கள். பட்டாளத்தோடு தமிழர்களும் வந்தார்கள். அல்சூர், சிவாஜி நகர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் என்று அவர்கள் குடியிருப்புகள் பரவின. மதராஸ் சாப்பர்ஸ் என்று பெயர் பெற்ற பட்டாளப் பிரிவின் தலைமையிடம் இன்றும் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது.

1940-ல் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை வந்தது. சுதந்திரத்துக்குப் பின் ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல்., பி.இ.எம்.எல். என்று வரிசையாக அரசுத் தொழிற்சாலைகள் வந்தன. ஆடுகோடியில் மைகோ கம்பெனி ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் தயாரித்தது. டர்னர், பிட்டர், வெல்டர் வேலை தெரிந்தவர்கள் ஊர் முழுவதும் பெருகினார்கள். பெரிய ஆலைகளின் நிழலில் சின்னச் சின்ன லேத்துப் பட்டறைகள் முளைத்தன.

டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை நீளும் ஜே.சி.ரோடு மோட்டார் உதிரிப் பாகங்களுக்குப் பெயர் போன இடம். சிவாஜி நகரில், குஜரி என்று சொல்லப்படும் பழைய இரும்புக் கடைகள் இருக்கின்றன. நம்மவர்கள் காயலான் கடை என்று சொல்வது அதைத்தான். கலாசிபாளையத்தில் லாரி வேலைகள். உருது பேசும் மேஸ்திரி, தமிழ் பேசும் டிங்கர், கன்னடம் பேசும் லேத்துக்காரர் மூவரும் ஒரே வண்டியில் வேலை செய்வதைப் பார்க்கலாம். மூவரும் பேசிக்கொள்ளும் பாஷையில் மூன்று மொழியும் கலந்திருக்கும். ஸ்பேனர் நம்பர் மட்டும் இங்கிலீஷில் இருக்கும்.

முதலில் காகிதம்

பழைய ஜீப் வாங்க ஆசைப்படுகிறவர்கள் என்ஜினைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ஆர்.சி.யைத்தான். சேஸிஸில் அடித்துள்ள நம்பரும் ஆர்.சி.யில் உள்ள நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். என்ஜின் மாற்றப்பட்டிருந்தால் அதுவும் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். வேறு மாநில வண்டி என்றால், அந்த ஊர் ஆர்.டி.ஓ. கொடுத்த ஆட்சேபணையில்லாச் சான்று வேண்டும். ராணுவ ஏலத்தில் எடுத்தது என்றால் ஏலக் காகிதம் வேண்டும். இவை இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது வெறும் இரும்புதான். நம்பரை அழித்து வேறு நம்பர் அடித்த வண்டியோ, வாங்கியவரையும் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துவிடும்.

மரத்தடியில் நிற்கும் அரசாங்க ஜீப்பை ஏலத்தில் எடுத்து ஓட்டலாம் என்ற காலமும் போய்விட்டது. 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்தாகும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ராணுவத்தின் வண்டிகள் போன்றவற்றுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. மற்றவை அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே ஏற்கெனவே தனியார் கையில், உயிருள்ள ஆர்.சி.யோடு இருக்கும் ஜீப்புகள்தான் மிச்சம். அவை ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வருகின்றன.

பிரிக்கும் வேலை

வண்டி பட்டறைக்கு வந்ததும் நல்ல மேஸ்திரி சாவியைத் திருப்ப மாட்டார். பல ஆண்டு நின்ற என்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் இளகிய எண்ணெய் ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊற விடுவார். பிறகு முன்பக்கம் ஹாண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பார். சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. அவசரப்பட்டு வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்தால் ரிங் உடைந்து சிலிண்டரைக் கீறிவிடும்.

சக்கரத்தைக் கழற்றுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடம்புரி மரை உடையவை. சக்கரம் சுற்றும்போது நட்டு தானாகக் கழலாமல் இருப்பதற்காக அப்படிச் செய்தார்கள். இது தெரியாத பையன் வழக்கம்போல் திருப்பினால் நட்டு இன்னும் இறுகும். பலத்தைக் கூட்டினால் போல்ட் முறியும். தெரிந்த மேஸ்திரி போல்ட் முனையில் உள்ள அடையாளத்தை முதலில் துடைத்துப் பார்ப்பார்.

கழற்றிய ஒவ்வொரு நட்டும் பழைய பால்பவுடர் டப்பாவில் தனித்தனியாகப் போகும். எந்த டப்பா எந்த இடத்தது என்பதைப் பட்டறைப் பையன் மனப்பாடமாக வைத்திருப்பான். இரண்டு மாதம் கழித்துப் பூட்டும்போது அந்த ஞாபகத்துக்கு விலை தெரியும்.

லேத்து முதல் ரேடியேட்டர் வரை

என்ஜின் பிளாக் போரிங் பட்டறைக்குப் போகிறது. வட்டமாக இருக்க வேண்டிய சிலிண்டர் தேய்ந்து கோணலாகியிருக்கும். அதை அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, 30 பங்கு என்ற கணக்கில் பெரிதாக்கி, அதே அளவுப் பிஸ்டனைப் போடுவார்கள். அதற்கும் இடமில்லாத அளவுக்குத் தேய்ந்திருந்தால் லைனர் இறக்க வேண்டும். கிராங்க் ஷாப்டைத் தீட்டி, அதற்கேற்ற பேரிங் போட வேண்டும்.

கடையில் கிடைக்காத புஷ், பின் எல்லாம் லேத்துக்காரரிடம் வரும். தேய்ந்துபோன பழைய சாமானைக் கையில் கொடுத்து, இதைப்போல் ஒன்று வேண்டும் என்றால், தேயாத அளவு எது என்பதை அவரே ஊகித்துக் கடைந்து கொடுப்பார். இந்த ஊகம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் 1999 வரை தயாரான ஜோங்கா போன்ற வண்டிகளுக்கு இப்போது புதுச் சாமான் தேடுவது கடினம். லேத்து இல்லாவிட்டால் அவற்றுக்கு வழியே இல்லை.

பழைய ஜீப்பில் முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் பட்டைதான். பாரம் சுமந்து சுமந்து பட்டை நிமிர்ந்துபோயிருக்கும். பட்டை அடிப்பவர் அதை உலையில் காய்ச்சி, வளைவைத் திரும்ப வாங்கி, எண்ணெயில் குளிரவைத்து, பதம் ஏற்றுவார். பதம் தப்பினால் ஒன்று முறியும், இல்லை ஒரு மாதத்தில் மறுபடி நிமிர்ந்துவிடும். இரும்பின் நிறத்தைப் பார்த்தே அவர் சூட்டைச் சொல்வார்.

ரேடியேட்டர் கடையில் மேல்தொட்டியைப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டு உப்பைச் சுரண்டி எடுத்து, மறுபடி ஈயம் வைத்து மூடுவார்கள். பழைய ரேடியேட்டர் பித்தளையும் செம்பும் என்பதால் இது முடிகிறது. பிளாஸ்டிக் தொட்டி வைத்த இன்றைய ரேடியேட்டர் விரிசல் விட்டால் பெரும்பாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் கூடாது. பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் எண்ணெய் வழிதான். எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் நான்கும் போய்விடும். ஆகவே ரப்பர், குழாய் எல்லாவற்றையும் ஒரு சேரப் புதிதாகப் போட்டுவிடுவதே நல்லது.

டிங்கரின் சுத்தியல்

வண்டிக்கு முகம் கொடுப்பவர் டிங்கர். அரித்த இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்து, ஒரு கையில் சுத்தியல், மறுகையில் இரும்புக் கட்டை வைத்துத் தட்டித் தட்டிச் சமன் செய்வார். ஜீப்பில் வளைவு குறைவு என்பதால் தரையும் பக்கத் தகடும் கையாலேயே செய்துவிடலாம்.

கெட்ட வேலை நடப்பதும் இங்கேதான். துருவை வெட்டாமல் அதன்மேல் பட்டியைத் தடிப்பாக அப்பி, பெயிண்ட் அடித்து மினுக்கிவிடுவார்கள். ஆறு மாதத்தில் கொப்புளம் கிளம்பும். இதைக் கண்டுபிடிக்க வாங்குகிறவர் பையில் ஒரு சின்னக் காந்தம் இருந்தால் போதும். தகட்டில் ஒட்டும் காந்தம் தடித்த பட்டியில் ஒட்டாது.

பெயிண்டை நம்பி ஏமாறுவது தனி மனிதருக்கு மட்டும் நேர்வதல்ல. 1948-ல் வி.கே.கிருஷ்ண மேனன் லண்டனில் இந்திய ஹைகமிஷனராக இருந்தபோது, புதுப்பித்த பழைய ஜீப்புகளை ராணுவத்துக்கு வாங்க ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் ஆயிற்று. வந்து இறங்கிய 155 ஜீப்புகளும் உபயோகத்துக்கு லாயக்கில்லை என்று பெரும் புயல் கிளம்பியது. 1955-ல்தான் அரசு அந்த விவகாரத்தை முடித்துவைத்தது. ஜீப்பைக் குனிந்து அடியில் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

பச்சை நிறம் கூடாது

ஜீப் என்றதும் பலருக்கும் ராணுவப் பச்சை அடிக்க ஆசை வரும். அது சட்ட விரோதம். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-வது விதிப்படி, ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே உரியது. வேறு நிறம் அடித்தாலும் ஆர்.சி.யில் அந்த நிறம் ஏற வேண்டும். பெரிய டயர், நீட்டிய சேஸிஸ், வேறு என்ஜின் என்று இஷ்டத்துக்கு மாற்றுவதையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது.

சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. 15 ஆண்டு வரை. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். கார், ஜீப் போன்ற இலகு வாகனத்துக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாயிற்று. 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு அது 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. 50 ஆண்டு தாண்டி, அசல் நிலையில் இருக்கும் வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் தனி விதி வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால் அந்த வண்டியைத் தினப்படி வேலைக்கு ஓட்டக் கூடாது. ஆகவே வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் அன்றைய கட்டணத்தை விசாரித்துக்கொள்வது நல்லது.

கைகள் எங்கே போகும்?

எல்லாம் முடிந்து, குஷன்காரர் புதுக் கித்தான் கூரையை இழுத்துக் கட்டியதும் வண்டி சோதனைக்குப் போகும். தரையில் இருக்கும் சின்ன லீவரைப் போட்டு நான்கு சக்கரமும் இழுக்கிறதா என்று மேஸ்திரி சேற்றில் இறக்கிப் பார்ப்பார். காய்ந்த தார் ரோட்டில் அதைப் போடக் கூடாது என்று சொந்தக்காரருக்குச் சொல்லியும் கொடுப்பார். போட்டால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று இழுத்து, டயரும் கியரும் தேயும்.

இன்றைய புது வண்டியில் கோளாறு என்றால் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கிறார்கள். சாமானைப் பழுது பார்ப்பதைவிட மாற்றுவதே சுலபம். அதனால் பட்டை அடிப்பவர், ரேடியேட்டர் பார்ப்பவர் போன்றோருக்கு வேலை சுருங்குகிறது. சுத்தியல் பிடித்து மகனைப் படிக்கவைத்த டிங்கர், அவனும் சுத்தியல் பிடிக்க வேண்டும் என்று நினைப்பதில்லை. அதில் குற்றம் சொல்லவும் முடியாது. வெயிலிலும் புகையிலும் அவர் பட்டது அவருக்குத்தான் தெரியும்.

ஆனால் வேலை தெரிந்த கைக்கு நியாயமான கூலி கிடைத்தால், கற்றுக்கொள்ள ஒரு பையனாவது வருவான். சாமான் வாங்க ஆயிரக்கணக்கில் கணக்குப் பார்க்காமல் கொடுப்பவர்கள், கூலி என்று வந்ததும் நூறு ரூபாய்க்கு மன்றாடுவதைப் பட்டறைகளில் பார்க்கலாம். சாமான் கடையில் கிடைக்கும். பதம் தெரிந்த கை கடையில் கிடைக்காது.

ஆயுத பூஜை அன்று இந்தப் பட்டறைகளில் லேத்துக்கும் வெல்டிங் பெட்டிக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். அந்த நாளில் சொந்தக்காரர்கள் சிலர், பிழைத்த வண்டியை வாழைக்கன்று கட்டி ஓட்டிவந்து பட்டறை வாசலில் நிறுத்துவதுண்டு. டிங்கர் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் பக்கத் தகட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். சத்தம் சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார்.